கிட்ஸன் பிரபுவின் இரண்டு சொற்கள்

கடிதத்தை மேவிஸ்தான் பிரித்துப் படித்தாள். அவள் கணவர் அம்ப்ரோஸ் கிட்ஸன் பிரபுவின் வாயில் அப்போது பாதி டோஸ்ட் இருந்தது.

"'ஸ்கெல்விக் நகரின் புதிய கால்நடைச் சந்தைக் கட்டடத்துக்குத் தங்கள் பெயரைச் சூட்ட நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது.' அம்ப்ரோஸ்! உன் பேரு!"

"ம்ம்," என்றார் அம்ப்ரோஸ்.

"இரு, இன்னும் இருக்கு. 'வாசலில் பதிக்கும் கல்லில், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் தாங்கள் பிரபுக்கள் சபையில் ஆற்றிய உரைகளிலிருந்து ஒரு வரியைச் செதுக்க விரும்புகிறோம். எந்த வரி என்பதைச் சபைப் பதிவேட்டின் தேதி, பக்க எண்ணோடு தெரிவிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, ஹப்பிள், நகரச் செயலர்.'"

டோஸ்ட் தொண்டையில் நின்றது. மேவிஸ் எழுந்து வந்து முதுகில் இரண்டு அடி கொடுத்தாள்.

"சந்தோஷம் தாங்கலையா? எந்த வரியைக் கொடுக்கப் போறே? ஆஸ்பத்திரி டீயைப் பத்திப் பேசினியே, அதைக் கொடு. சபையே எழுந்து நின்னுச்சுன்னு சொன்னியே?"

"எல்லாரும் நிக்கல," என்றார் அம்ப்ரோஸ்.

"அடக்கத்தைப் பாரு!" என்று சொல்லிவிட்டு, மேவிஸ் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

விஷயம் என்னவென்றால், கிட்ஸன் பிரபு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் சபையில் ஒரு வரிகூடப் பேசியதில்லை.

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. நாள் தவறாமல் போவார். சிவப்புத் தோல் பெஞ்சில் நிமிர்ந்து உட்காருவார். மசோதாக்களை வரி வரியாகப் படிப்பார். மணி அடித்தால் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போடுவார். அவர் முப்பது வருஷம் கால்நடை மருத்துவராக இருந்தவர். வடக்கே மாட்டுக் காய்ச்சல் பரவியபோது ஒரு மாவட்டத்தின் மந்தைகளைக் காப்பாற்றினார் என்பதற்காகத்தான் பட்டமே கொடுத்தார்கள். கன்று ஈன மறுக்கும் பசுவிடம் ஒரு மணி நேரம் சரளமாகப் பேசி மனசை மாற்றக்கூடிய மனிதர். ஆனால் எந்தப் பசுவும் அவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததில்லை. சபையில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

முதல் தடவை எழுந்தபோது, "மேன்மைமிகு பிரபுக்களே" என்று சொன்னார். அதோடு தொண்டை பூட்டிக்கொண்டது. சாவி கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். அடுத்ததாக எழுந்த சீமாட்டி கார்மோடி பதினைந்து நிமிஷம் பொளந்து கட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மேவிஸ் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி ஸ்டூவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பேசினியா? என்ன பேசினே?"

அந்த ஸ்டூவின் வாசனைக்கு முன்னால் எந்த மனிதனுக்கு உண்மை வரும்? பேச நினைத்திருந்ததைச் சொன்னார். வீட்டில் அது ஆறாக ஓடியது. மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அன்று ஆரம்பித்த வழக்கம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாப்பாட்டு மேஜையில், சபையில் பேசாததையெல்லாம் பேசித் தீர்ப்பார் கிட்ஸன் பிரபு. பால் விலை, கிராமத் தபால் நிலையம், ஆஸ்பத்திரி டீ, எல்லாம். எதிர்க்கட்சியின் குறுக்கீடுகளையும் அவரே போட்டு, அவரே பதிலும் கொடுப்பார்.

இப்போது அதற்குப் பக்க எண் கேட்கிறார்கள்.

அன்று காலையே பதிவேட்டு அறைக்குப் போனார். அங்கே மிஸ் ஆல்காக் என்ற அம்மாள் இருந்தாள். கூரான பென்சில், கூரான மூக்கு.

"மிஸ் ஆல்காக், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். பதிவேட்டுல என் பேச்சு எவ்வளவு இருக்கு?"

அவள் கணினியைத் தட்டினாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பயிற்சி பெற்ற முகம்.

"ரெண்டு சொல் இருக்கு, ஐயா. 'மேன்மைமிகு பிரபுக்களே.' அதுக்கப்புறம் ஒரு கோடு."

"கோடா?"

"பாதியில நிறுத்தினா கோடு போடுவோம்."

அம்ப்ரோஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உறுப்பினர்கள் தங்களோட பேச்சைத் திருத்திக்கலாம்னு கேள்விப்பட்டேனே?"

"தாராளமா. எழுத்துப்பிழை, ஊர் பேரு, இந்த மாதிரி."

"அப்போ அந்தக் கோட்டுக்குப் பின்னால ஒரு நாலு வரி..."

"ஐயா," என்றாள் மிஸ் ஆல்காக், மிகுந்த மரியாதையோடு. "பேச்சைத் திருத்தணும்னா பேச்சு இருக்கணும். கோட்டைத் திருத்தினா எங்களுக்கு இன்னொரு கோடுதான் கிடைக்கும்."

சபையின் தேநீர் அறையில் பென்ஹாலோ பிரபு உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டு வயசு. கண்ணை மூடியபடியே கேட்கிறவர், கண்ணை மூடியபடியே பதில் சொல்கிறவர். அம்ப்ரோஸ் அவரிடம் முழுக் கதையையும் கொட்டினார்.

"இதுக்குப் போய் அலட்டிக்கிறியே. எழுத்துல ஒரு கேள்வி கேளு. அரசாங்கம் எழுத்துல பதில் சொல்லும். ரெண்டும் பதிவேட்டுல ஏறும். வாயைத் திறக்கவே வேண்டாம்."

"எதைப் பத்திக் கேக்கறது?"

"யாரையும் தொந்தரவு பண்ணாத ஏதாவது ஒண்ணு. உங்க ஊர்ல என்ன இருக்கு?"

"ஒரு ஆறு. ஒரு பாலம்."

"அப்போ பாலம். அது பாட்டுக்கு நிக்கும்."

அம்ப்ரோஸ் அங்கேயே ஒரு தாளில் எழுதினார்: 'ஸ்கெல்விக் நகரப் பாலம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பதை அரசு தெரிவிக்குமா?' கல்லில் செதுக்க அவ்வளவு எடுப்பான வரி இல்லைதான். ஆனாலும் தேதி உண்டு, பக்க எண் உண்டு. நிம்மதியாக ஒரு கேக் சாப்பிட்டார்.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. இதைச் சுட்டிக்காட்டிய மாண்புமிகு உறுப்பினருக்கு நன்றி. முன்னெச்சரிக்கையாகப் பாலம் இன்று நண்பகல் முதல் மூடப்படுகிறது.'

ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நகரச் செயலர் ஹப்பிள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நான் தென்கரையில இருக்கேன், ஐயா. என் ஆபீஸ் வடகரையில இருக்கு. சுத்திக்கிட்டுப் போனா நாப்பது கிலோமீட்டர். காலையில ஒரு வேலையா இந்தக் கரைக்கு வந்தவன், திரும்பிப் போக வழியில்லாம நின்னுக்கிட்டு இருக்கேன்."

"அடடா."

"நீங்க செதுக்கக் கொடுக்கப்போற வரிக்காக ஒரு கல்லு வாங்கி வெச்சோமே, அதுவும் வடகரை. செதுக்கறவர் தென்கரை. மாடுங்க பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கன்னுக்குட்டி, அந்தப் பக்கம் தாய்ப்பசு. ஊரே கத்திக்கிட்டு இருக்கு, ஐயா. மாடுங்க தனியா கத்துது."

"ஹப்பிள், நான் என்ன நினைச்சேன்னா..."

"உள்ளூர்ப் பத்திரிகையோட இணையப் பக்கத்துல அதுக்குள்ள உங்க போட்டோ போட்டிருக்காங்க. நல்ல போட்டோதான். மேல போட்டிருக்கிற தலைப்பைத்தான் வீட்டுல காட்ட வேண்டாம்."

வீட்டில் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. மேவிஸின் தங்கை ஸ்கெல்விக்கில் இருந்தாள், அதுவும் தென்கரையில், அவளுடைய பல் மருத்துவர் வடகரையில்.

"என்ன அம்ப்ரோஸ் இது?" மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "போனா போகட்டும். சபையில எழுந்து, பாலத்துக்கு முட்டுக் கொடுத்துத் திறங்கன்னு ஒரு போடு போடு. நீ பேசி நடக்காதது உண்டா? தபால் நிலையத்தை நீதானே காப்பாத்தினே?"

கிராமத் தபால் நிலையங்கள் உண்மையிலேயே காப்பாற்றப்பட்டிருந்தன. ஆனால் அதற்காகச் சபையில் முழங்கியவர் சீமாட்டி கார்மோடி. அம்ப்ரோஸ் அதை விளக்கப் போகவில்லை.

"பேசறேன்," என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த வியாழக்கிழமை கிராமச் சாலைகளைப் பற்றி ஒரு விவாதம் இருந்தது. பேசுவோர் பட்டியலில் பெயர் கொடுத்தார். ஒன்பதாவது இடம் கிடைத்தது. ஆறாவது இடத்தில் கார்மோடி. பெயரைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, பட்டியல் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகும் என்று.

"அம்ப்ரோஸ், உன் பேரு லிஸ்ட்ல இருக்கு!" மேவிஸ் உற்சாகமாக ஓடிவந்தாள். "நான் வரேன். தங்கச்சியும் வரா. அவளோட தேவாலயப் பாட்டுக் குழு முழுசும் வருது, பதினாலு பேரு. ஹப்பிளும் வராராம். பாலம் இல்லாததால விடியறதுக்கு முன்னாடியே பஸ் கிளம்புதாம்."

அம்ப்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார் என்றாலும், இன்னும் கொஞ்சம் கீழே போனார்.

நாலு நாள் உட்கார்ந்து பேச்சை எழுதினார். நல்ல பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் நின்று மேவிஸுக்குப் பேசிக் காட்டினார். "பாலத்தை மூடினால் ஆறு அகலமாகிவிடும்" என்ற வரி வந்தபோது அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லு. மெதுவா சொல்லு."

சொன்னார்.

"இதுதான் கல்லுக்கு ஏத்த வரி," என்றாள் மேவிஸ்.

அம்ப்ரோஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் தொண்டை பூட்டிக்கொண்டாலும் கல் தப்பித்துவிடும்.

வியாழக்கிழமை. பார்வையாளர் மாடத்தில் பாட்டுக் குழு ஒரே நிற நீலத் தொப்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுவில் மேவிஸ். ஓரத்தில் ஹப்பிள், கையில் நோட்டுப் புத்தகம்.

நாலாவது பேச்சாளர், ஐந்தாவது பேச்சாளர். ஆறாவதாகச் சீமாட்டி கார்மோடி எழுந்தார். உயரமான அம்மாள். பச்சைக் கோட்டு. குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"மேன்மைமிகு பிரபுக்களே, வடக்கே ஒரு சிறு நகரத்தில் ஒரு கன்று தென்கரையில் நிற்கிறது. அதன் தாய் வடகரையில் நிற்கிறது."

அம்ப்ரோஸ் தன் தாளைப் பார்த்தார். முதல் வரி: 'ஒரு கன்று தென்கரையில் நிற்கிறது.'

கார்மோடி இரண்டாவது பத்திக்குப் போனார். அம்ப்ரோஸும் கூடவே போனார். மூன்றாவது பத்தி, நாலாவது பத்தி. அதே பால் வண்டிகள், அதே பல் மருத்துவர்.

"பாலத்தை மூடினால்," என்று நிறுத்தினார் கார்மோடி. "ஆறு அகலமாகிவிடும்!"

"ஆமாம்! ஆமாம்!" என்று சபை முழங்கியது. மாடத்தில் பாட்டுக் குழு கைதட்டியது. கைதட்டக் கூடாது என்று வாயில்காப்போர் ஓடி வந்து அடக்கினார்கள்.

"நூலக மேஜையில தாளை விட்டுட்டு டீ குடிக்கப் போனேன்," என்று அம்ப்ரோஸ் பக்கத்திலிருந்த பென்ஹாலோவின் காதில் முனகினார். "பார்த்திருக்கா. எல்லாத்தையும் காப்பி அடிச்சுட்டா!"

"நல்ல எழுத்து," என்றார் பென்ஹாலோ, கண்ணைத் திறக்காமல்.

பேசி முடித்த கையோடு, வானொலிப் பேட்டி இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கார்மோடி வெளியேறிவிட்டார். ஏழாவது ஆள் பேசினார். எட்டாவது ஆள் பேசினார். அம்ப்ரோஸின் பெயர் திரையில் வந்தது.

எழுந்தார்.

"மேன்மைமிகு பிரபுக்களே..."

தொண்டை பூட்டிக்கொண்டது. மிஸ் ஆல்காக்கின் கோடு நீள ஆரம்பித்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. கையில் ஐந்து தாள், அதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. மேலே பார்த்தார். பதினாலு நீலத் தொப்பிகள். நடுவில் மேவிஸ், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த சொல்லை விடுப்பா," என்றது பென்ஹாலோவின் குரல், கீழேயிருந்து. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"நான் சொல்ல வந்ததையெல்லாம் சீமாட்டி கார்மோடி சொல்லிவிட்டார்," என்றார் அம்ப்ரோஸ். "உண்மையைத் தவிர என்னிடம் வேறெதுவும் மிச்சமில்லை."

சபை சிரித்தது. பசுக்கள் சிரித்ததில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பில் பூட்டு கொஞ்சம் தளர்ந்தது.

"பன்னிரண்டு ஆண்டுகளாக நான் இங்கே பேசியதில்லை. பேசியதாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும். ஆஸ்பத்திரி டீக்காக நீங்கள் எல்லாரும் எழுந்து நின்றீர்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் நிற்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்."

சிரிப்பு கூரைக்குப் போனது.

"என் மனைவி எல்லாவற்றையும் நம்பினாள். அதோ மேலே உட்கார்ந்திருக்கிறாள்." சபை மொத்தமும் தலையை உயர்த்தியது. "அவள் முன்னால் இதைச் சொல்வதைவிடப் பாலத்திலிருந்து குதிப்பது சுலபம். ஆனால் அதை மூடிவிட்டார்கள். மூட வைத்தவனும் நான்தான். அது ஆபத்தாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டில் எனக்கு ஒரு வரி வேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஊர் மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கன்றிடமும் கேட்கிறேன். தயவுசெய்து பாலத்துக்கு முட்டுக் கொடுத்துத் திறந்துவிடுங்கள். இனிமேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்."

உட்கார்ந்தார். பென்ஹாலோ கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அதுவே ஒரு கௌரவம்.

பதில் சொல்ல எழுந்த அமைச்சர் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும் உறுப்பினருக்கு எந்த அரசும் எதையும் மறுக்காது," என்றார். இரும்பு முட்டுகள் வருகிற திங்கட்கிழமைக்குள் பொருத்தப்படும், ஒரு வழி திறக்கப்படும்.

வெளியே நடைக்கூடத்தில் பாட்டுக் குழு அவரைச் சூழ்ந்துகொண்டது. யாரோ முத்தம் கொடுத்தார்கள். ஹப்பிள் நோட்டுப் புத்தகத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"திங்கக்கிழமை பாலம் திறந்துடும், ஐயா. ஊர்ல சொல்லியாச்சு, மாடுங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். கல்லுக்குத்தான் ஒரு சந்தேகம். 'நான் இங்கே பேசியதில்லை'ங்கறதைப் போட்டுடலாமா? பக்க எண்ணும் இருக்கு. சின்னக் கல்லே போதும்."

"ஹப்பிள், அப்புறம் பேசலாம்," என்றார் அம்ப்ரோஸ். அவர் கண்கள் மேவிஸைத் தேடிக்கொண்டிருந்தன.

அவள் தேநீர் அறையில், சன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அம்ப்ரோஸ் எதிரே உட்கார்ந்தார். டீ வந்தது. இருவரும் தொடவில்லை.

"மேவிஸ், திட்டு," என்றார் அவர்.

அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள்.

"கத்து. அந்தக் கேக்கை எடுத்து எறி. பன்னிரண்டு வருஷம் உன்னை ஏமாத்தியிருக்கேன். உன் தங்கச்சி முன்னாடி, ஊர் முன்னாடி உனக்குத் தலைகுனிவு. ஆனா ஒண்ணு சொல்றேன். முதல் நாள் சொன்னதுதான் பொய். அப்புறம் சொன்னதெல்லாம் உன் முகத்தைப் பார்க்கறதுக்காகச் சொன்னது. நீ கேட்ட மாதிரி என்னை யாருமே கேட்டதில்ல."

மேவிஸின் முகம் சிவந்தது. அழப் போகிறாள் என்று பயந்தார்.

"அம்ப்ரோஸ்," என்றாள், கையுறையைப் பார்த்துக்கொண்டே. "நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாவே சொல்லணும்னு..."

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்று அவசரமாகக் கையை நீட்டினார். முழங்கை பட்டு டீக்கரண்டி கீழே விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. அம்ப்ரோஸ் குனிந்தார். மேஜை விரிப்பைத் தூக்கிக்கொண்டு, முட்டி போட்டு, முழுசாக உள்ளே போனார். கரண்டி மேவிஸின் காலடியில் கிடந்தது.

அப்போது ஒரு ஜோடி பச்சைக் காலணிகள் விறுவிறுவென்று நடந்து வந்து மேஜையருகே நின்றன. ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரல் தலைக்கு மேலே கேட்டது:

"மேவிஸ், பாலத்துப் பேச்சு பிரமாதம் போ! சரி, செவ்வாய்க்கிழமை பால் விலை மசோதா வருதே, அதைப் பத்தி உன் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில என்ன பேசினாருன்னு நீ இன்னும் எழுதி அனுப்பலையே? பன்னிரண்டு வருஷத்துல ஒரு வாரம்கூட நீ தவறவிட்டதில்லையேடி!"